எல்லைச் சாவடியில் இறக்கிவிட்ட மாலை

ஐம்பதுகளில் மூன்று வருஷம் பெங்களூரில் ஒரு கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிற வேலை. ஊரில் எங்கள் நிலத்தைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் அங்கே அறை எடுத்துத் தங்க முடியவில்லை. விடியும் முன்பே தளி ரோட்டில் இருந்த எங்கள் ஊரிலிருந்து ஆறு மைல் சைக்கிள் மிதித்து ஓசூர் வருவேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கடையில் வண்டியை விட்டுவிட்டு முதல் பஸ் ஏறுவேன். சாயங்காலம் அதே வழி திரும்பி வரவேண்டும்.

எங்கள் கல்லூரி ஆட்கள் நாலைந்து பேர் அந்த பஸ்ஸில் உண்டு. மாணவர்கள் பின்னால் உட்காருவார்கள். நானும் நூலகக் குமாஸ்தாவும் முன்சீட்டில். அவர் ஓசூர்க்காரர், மனைவி இறந்துபோய், எட்டு வயது மகளோடு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தோமே தவிர அதிகம் பேசியதில்லை. காலையில் தூக்கம், மாலையில் அலுப்பு.

ஒருநாள் கடைசி வகுப்பில் ஒரு மாணவன் பற்றவைக்காத ஸ்பிரிட் விளக்கைக் கவிழ்த்துவிட்டான். அதிலிருந்த எரிசாராயத்தில் என் சட்டை நனைந்து சாராய நெடி அடித்தது. மாற்ற வேறு சட்டை இல்லை, ஓடிப்போய் பஸ் பிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன சார் இது?" என்றார். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

அப்போது பெங்களூர் இருந்த மைசூர் ராஜ்யத்தில் சாராயக்கடை உண்டு, நம் பக்கம் மதுவிலக்கு. எல்லைச் சாவடியில் தினமும் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைத் தடவிப் பார்ப்பார்கள். அன்று ஏறிய போலீஸ்காரர் என் அருகில் வந்ததும் நின்றுவிட்டார்.

"இறங்குய்யா கீழ."

"சார், நான் காலேஜ்ல வேலை செய்யறேன். ஸ்பிரிட்டு சட்டையில கொட்டிடுச்சு."

"எல்லாரும் ஒரு கதை வெச்சிருக்கீங்க. இறங்கு."

நான் குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வாயை ஊதச் சொன்னார்கள். பெரிய அதிகாரி வரட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். கண்டக்டர் கன்னடத்தில் நேரமாச்சு என்று இரண்டுமுறை கத்திவிட்டு விசிலடித்தார். என் டிபன் கேரியரோடு பஸ் போய்விட்டது. அரைமணி கழித்து வந்த அதிகாரி ஊதச் சொல்லி முகர்ந்துவிட்டு, "வாயில இல்லியே. போங்க சார்" என்றார், ரொம்ப மரியாதையாக.

அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நடந்தேன். கால் வலியைவிட, நான் குடித்துவிட்டு வந்ததாகப் பின்சீட்டு மாணவர்கள் நினைத்திருப்பார்களே என்பதுதான் வழியெல்லாம் அரித்தது. ஓசூர் சேர்ந்தபோது சைக்கிள் கடைக்காரர் கதவைப் பாதி சாத்தியிருந்தார். "லைப்ரரிக்காரரு சொல்லிட்டுப் போனாரு, நீங்க நடந்து வருவீங்கன்னு," என்றார்.

மறுநாள் காலை குமாஸ்தா என் டிபன் கேரியரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். பஸ் எல்லைச் சாவடியைத் தாண்டியதும் சொன்னார்.

"பக்கத்து வீட்டுல பொண்ணை ஏழு மணிக்கு மேல வெச்சுக்கமாட்டாங்க சார். சாட்சி சொன்னா என்னையும் இறக்கிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"பரவால்ல."

வாய்தான் அப்படிச் சொன்னது, மனசில் கசப்பு இருந்தது. ஆனால் அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன் என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த நாளே ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு பழைய சட்டையைக் கொண்டுபோய் வைத்தேன்.