புளியமரத்தடியில் துள்ளிய எண்

காலனிக் கிணற்றைக் கெடுத்த டீசல் டேங்க் இன்னும் மண்ணுக்குள் கிடப்பதற்குக் காரணம் நான்தான்! சில வருஷமாய் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்...

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், உத்திரமேரூர்ப் பக்கம் என்னைப் பார்த்தாலே சிரிப்பதுதானே வழக்கம். யூனியன் ஆபீஸ் பியூன் நான். பைல் தூக்குவதைவிட ஜோக் அடிப்பது அதிகம்.

சாலவாக்கம் சாலையில் ஒரு பழைய டீசல் பங்க். மூடி, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். டேங்கை எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பது எவருக்கும் நினைவில்லை. பக்கத்துக் காலனியின் ஒரே கிணறு மட்டும் டீசல் நாறியது. தேடிப் பார்க்க மெட்ராஸிலிருந்து ஓர் என்ஜினியர் காந்தமானியோடு வந்தார். உதவிக்கு நான்.

என்ன மெஷின் அது! கம்பின் நுனியில் ஒரு புட்டி. அதைத் தூக்கிக்கொண்டு கயிறு கட்டிய கோட்டில் நான் நடக்க வேண்டும். அவர் பெட்டியில் ஓடும் எண்களைப் பார்ப்பார். அடியில் இரும்பு இருந்தால் எண் துள்ளுமாம். தோண்டாமலே பூமிக்குள் எட்டிப் பார்ப்பதா! எனக்குத் தாங்கவில்லை.

"உடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது."

"இரும்புன்னா என் சம்சாரந்தான் சார். அத்த வூட்லயே வுட்டுட்டு வந்துக்கீறேன்."

சாவியையும் வாட்சையும் கழற்றினேன். வேட்டி மடிப்பில் இருந்த உடைந்த அரிவாள் துண்டை மட்டும் எடுக்கவில்லை. கோட்டின் நடுவே, ஒருவன் தூக்கு மாட்டிக்கொண்ட புளியமரம்... அதுவும் உச்சிவெயில்... இரும்பு கையிலிருந்தால் பேய் அண்டாதல்லவா? மரம் நெருங்கியதும் துண்டை எடுத்துக் கம்போடு சேர்த்துப் பிடித்தேன். தாண்டியதும் மடிப்புக்குள்!

எண் துள்ளியது.

"இன்னொரு தடவை நடங்க!"

நடந்தேன். பிடித்தேன். துள்ளியது. அட, பேய்கூட மெஷினில் தெரிகிறதே என்று வியந்தேன்... நம்புவீர்களா?

மரத்தடியை ஆளுயரம் தோண்டினார்கள். வேரும் கல்லும்தான். எல்லோரும் டீக்குப் போனபோது எனக்கு ஒரு குறுகுறுப்பு. துண்டைப் புட்டியருகே வைத்து, அவர் அழுத்தும் பொத்தானை அழுத்தினேன். அதே துள்ளல்! துள்ள வைத்தது பேயில்லை, என் இரும்புதான். எழுந்து ஓடியவன், அந்தப் பேய்மரத்துக்குப் பின்னாலேயே போய் ஒளிந்தேன் என்றால் பாருங்களேன்!

மரத்துக்கு அப்பால் பாதி நிலம் இன்னும் நடந்து பார்க்கப்படாமலே கிடந்தது. சொல்லியிருக்கலாம்.

"எண் துள்ளின இடத்துலயே இல்லையே... டேங்கை எப்பவோ எடுத்துட்டிருப்பாங்க" என்று என்ஜினியர் பெட்டியை மூடினார்.

வாயைத் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா? "டீ வாங்கியாரட்டா சார்?"

எது தடுத்தது? வேலை போய்விடும் என்றா? இல்லை... ஊரைச் சிரிக்க வைத்தவனால், ஊர் சிரிக்க நிற்க முடியவில்லை. அவ்வளவுதான். இவ்வளவு அற்பம்!

கிணற்றை முள் வெட்டிப் போட்டு மூடினார்கள். காலனிப் பெண்கள் ஏரிக்கரைக்கு நடக்கிறார்கள். போன வாரம் எதிரே காலனிச் செல்லம்மா வந்தாள். நிறைமாதம். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம்.

"இன்னாண்ணே, அந்த மெஷினு இன்னாதான் சொல்லிச்சி?"

"காலனிப் பொம்பளைங்கல்லாம் குண்டாயிக்கினு வராங்க, நல்லா நடக்க வுடுங்கன்னு சொல்லிச்சி."

"அய்ய, போண்ணே!"

நின்று சிரித்தாள். குடம் தளும்பி அவள் கழுத்தெல்லாம் நனைந்தது... நானோ, அடுத்த ஜோக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.