ஜோடி சரியில்லை என்றேன்

என் மகள் படிக்கும் பெண்கள் பள்ளிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதில் படங்கள் வரத் தொடங்கிவிடும். மரக்கன்று நட்ட படம், கபடியில் ஜெயித்த படம், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் படம். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் போனை எடுக்க விடுவார்கள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் எல்லாப் படத்துக்கும் கட்டைவிரல் போடுவேன். அதோடு அம்மா வேலை முடிந்தது என்று ஒரு நினைப்பு.

படத்தையும் நான் சும்மா பார்ப்பதில்லை. கன்று சாய்ந்திருக்கிறது, பேனரின் ஒரு மூலை தொங்குகிறது, கபடி ஆடிய பெண்ணின் சட்டையில் தையல் விட்டிருக்கிறது. முகங்களுக்குப் போவதற்கு முன்பே என் கண் இதையெல்லாம் பார்த்து முடித்திருக்கும். கம்பெனியில் நான் செக்கிங் செக்‌ஷன். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கன்வேயரில் வரும் ஷூக்களை ஜோடியாகத் தூக்கி, இடதையும் வலதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உயரம் ஒன்றா, நிறம் ஒன்றா, தையல் நேரா என்று பார்க்க வேண்டும். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அம்பு ஒட்டிய ஷூ வந்த வழியே திரும்பிப் போகும். அதைத் தைத்தவள் யார் என்று நான் கேட்பதில்லை.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வீட்டிலும் புருஷன் சட்டை, மகளின் பின்னல், பக்கத்து வீட்டுக் கோலம் என்று எதையும் விட்டுவைக்க மாட்டேன். "உங்கம்மா கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கினே பொறந்தவ" என்று அவர் மகளிடம் சொல்வார். மகள் சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன வருடம் அவள் ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பருவம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கபடி அணியில் சேர்ந்து ஒரே வாரத்தில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு விலகினாள். சுதந்திர தினத்துக்குக் குழுப் பாட்டு பாடினாள். பிறகு அறிவியல் கண்காட்சி என்று அறிவித்தார்கள். பள்ளியில் முதல் பரிசு வாங்கும் மாடல் ஒன்று மட்டும் திருப்பத்தூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போகும். இவளும் இவள் வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்து ஒன்று செய்வதாகச் சொன்னாள். அந்தத் தோழியின் பெயர் எங்கள் வீட்டில் அடிக்கடி அடிபடும். அவள் நன்றாகக் கணக்குப் போடுவாள், அவள் வீட்டில் உருது பேசுவார்கள், அவளுக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை.

அது எங்களுக்கு ஆர்டர் நேரம். ஓவர்டைம் முடித்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்கும்போது மகள் கேட்டாள்.

"மா, சோல் ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டணும்னா இன்னா போடணும்?"

"சொல்யூஷன் போடு. ரெண்டு பக்கமும் தடவி, காயவுட்டு அப்புறம் ஒட்டு. ஈரத்துல ஒட்டுனா பிரிஞ்சிடும்."

"எவ்ளோ தடிமன் வரைக்கும் தாங்கும்?"

"எல்லாம் தாங்கும். போய்ப் படி."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது குக்கர் விசில் அடித்தது, நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

கண்காட்சி நாளன்று பெற்றோர்கள் வந்து பார்க்கலாம் என்று குழுவில் செய்தி வந்தது. சூப்பர்வைசரிடம் கெஞ்சி பர்மிஷன் வாங்கினேன். கம்பெனியில் போடும் நீலக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினேன். பள்ளி ஹாலில் வரிசையாக மேசைகள். காற்றாலை, எரிமலை, மழைநீர்த் தொட்டி. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் பிள்ளைகள், சுவரில் சார்ட்டுகள். வேறு பள்ளியிலிருந்து நடுவர்களாக வந்திருந்த இரண்டு ஆசிரியைகள் அந்தக் கோடியில் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் மகள் எங்கே என்று தேடிக்கொண்டே வந்த நான், ஒரு மேசையில் ஷூ ஜோடி ஒன்று இருப்பதைப் பார்த்தேன்.

இத்தனை மேசைகளில் எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். கறுப்பு ஷூ, பிள்ளைகள் போடும் அளவு. சார்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளையும் பார்க்கவில்லை. இரண்டு ஷூவையும் தூக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வலது ஷூவின் சோல் இடதைவிட உயரமாக இருந்தது. நல்ல வித்தியாசம், ஒரு விரல் தடிமன்.

"இன்னா இது, ஜோடியே சரியில்ல. ஒண்ணு மேல இருக்குது, ஒண்ணு கீழ இருக்குது. இத எப்படி வெளிய வுட்டீங்க?"

மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி எனக்குச் சாதாரணமாகப் பேசுவதே கத்துவதுபோல் இருக்கும். ஹாலில் பாதிப் பேர் திரும்பினார்கள். யாரோ ஒரு அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. என் கை கோட்டுப் பைக்குள் போய் ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, வலது ஷூவின் சோலில் ஒட்டியே விட்டது. நான் யோசித்துச் செய்ததில்லை. ஒரு நாளைக்கு அத்தனை தடவை செய்கிற கை.

ஸ்டூலில் இருந்த பெண் மெதுவாகப் பேசினாள்.

"ஷூ சரியாத்தான் இருக்குது ஆன்ட்டி. என் கால்தான் அப்படி."

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். இடது பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருந்தது. வலது கால் எட்டாமல், விரல்நுனி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சார்ட்டிலும் பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது: கால்கள் உயர வித்தியாசம் உள்ளவர்களுக்கு, வளர வளர உயரம் ஏற்றிக்கொள்ளும் காலணி. கீழே இரண்டு பேரின் பெயர்கள். அடிக்கடி எங்கள் வீட்டில் அடிபடும் அந்தப் பெயரும் என் மகளின் பெயரும்.

அவள் தோழிக்குக் கால் இப்படி என்று என் மகள் ஒரு நாளும் சொன்னதில்லை. பாகற்காய் பிடிக்கும் என்று சொன்னவளுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெண் கை நீட்டி அம்பை உரித்தாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் விரலிலேயே ஒட்டிவைத்துக்கொண்டாள். "சாரிம்மா, நான் கம்பெனி ஞாபகத்துல" என்று நான் ஏதோ உளறினேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். தண்ணீர் பாட்டில் நிரப்பப் போயிருந்த என் மகள் அப்போதுதான் திரும்பி வந்தாள். என் கோட்டையும் தோழியின் விரலையும் பார்த்தாள். என் பக்கம் திரும்பாமல் தோழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

நடுவர்கள் வந்தார்கள். நான் இரண்டு மேசை தள்ளிப் போய் எரிமலைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். என் மகள் விளக்கினாள். தோழிக்கு ஒரு கால் பிறவியிலேயே குட்டை. சின்ன வயதில் வேலூர் ஆஸ்பத்திரியில் தனி ஷூ செய்து கொடுத்தார்கள், வளர்ந்ததும் பற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு தூரம் அலைய வீட்டில் முடியவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் கேட்டு அளவு வாங்கி, அடுக்கடுக்காக ஷீட் ஏற்றும் மாதிரி செய்திருக்கிறோம் என்றாள். தெளிவாகச் சொன்னாள். நடுவர்களில் பெரியவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

"போட்டுக்கினு நடந்து காட்டும்மா" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"கால் வலிக்குது மிஸ்."

"ரெண்டடி போதும்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. என் மகளும் அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. நடுவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். மழைநீர்த் தொட்டி முதல் பரிசு வாங்கித் திருப்பத்தூர் போனது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் புத்தகப்பையை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"மூணு வாரமா ஸ்கூல் லேப் ரூம்ல அந்த ஷூவப் போட்டு நடந்து பழகுனா மா. யாரும் பாக்கக் கூடாதுன்னு கதவ சாத்திக்கினு. இன்னிக்குத்தான் எல்லார் முன்னாலயும் நடக்கறேன்னு சொல்லியிருந்தா."

அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் தலையை மட்டும் அசைப்பாள். என் புருஷன் வழக்கமான கிண்டலை விட்டுவிட்டார். அவர் கிண்டல் செய்யாமல் இருந்ததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கம்பெனியில் ஷூவைத் தூக்கும்போதெல்லாம் வெட்கத்தில் காது சூடானது. வலது ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன், பின்னால் ஜோடிகள் குவிந்துவிடும், சூப்பர்வைசர் வந்து தட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். மகளைக் கூப்பிட்டேன், வரவில்லை. பிஸ்கட்டும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்தது அவளுடைய அம்மா. நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"உங்க பொண்ணு தங்கம் அக்கா. என் பொண்ணுக்காக எவ்ளோ செஞ்சிருக்குது. நான் தினமும் துவா செய்யறப்போ அதுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்."

உள் அறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு மட்டும் தெரிய நின்றாள்.

"பரிசு வராட்டி இன்னா அக்கா," என்று அவள் அம்மா தொடர்ந்தாள். "எல்லார் முன்னாலயும் நடந்து காட்டுச்சாம், மொத்த ஹாலும் கை தட்டுச்சாம். வந்து சொல்லிச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னிக்கு வேலைக்குப் போய்ட்டேன், பாக்கக் குடுத்து வைக்கல. நீங்க இருந்தீங்க இல்ல? நல்லா நடந்துச்சா அக்கா?"

நான் வாசலைப் பார்த்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வையில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

"நல்லா நடந்தாம்மா," என்றேன். "சாயாம, நேரா நடந்தா."

அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் சொல்ல முடியவில்லை. சொன்னால் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். டீ கொடுத்தார்கள், குடித்தேன். கப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் திரைச்சீலை மட்டும் இருந்தது.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமையாசிரியை குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டார். பருவம் முழுக்க நடந்த நிகழ்ச்சிகள், வாங்கிய பரிசுகள், எல்லாரின் ஒத்துழைப்புக்கும் நன்றி. கபடி இருந்தது, பேச்சுப் போட்டி இருந்தது, மாவட்டப் போட்டியில் மழைநீர்த் தொட்டிக்கு ஆறுதல் பரிசு என்று இருந்தது. காலணி பற்றி எதுவும் இல்லை. மற்ற பெற்றோர்கள் வரிசையாகக் கைதட்டும் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் போனை மூடி டிபன் பாக்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

மகள் இப்போது என்னிடம் பேசுகிறாள். கோபத்தை ரொம்ப நாள் பிடித்துவைத்துக்கொள்ளத் தெரியாத பெண். தோழி தினமும் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறாள், இன்னொரு அடுக்கு ஏற்றியாகிவிட்டது, இடுப்பு வலி குறைந்திருக்கிறது, நன்றாக நடக்கிறாள் என்று அவள்தான் சொல்கிறாள்.

காலையில் நான் கம்பெனி வண்டிக்கு நிற்கும் முனை வழியாகத்தான் அந்தப் பெண் பள்ளிக்குப் போக வேண்டும். தூரத்தில் என் நீலக் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிடுவாள். பையில் எதையோ தேடுவாள், சுவரொட்டியைப் படிப்பாள். நான் மறுபக்கம் திரும்பி நின்றும் பார்த்தேன். வண்டி வந்து, நான் ஏறி, வண்டி முனை திரும்பும் வரைக்கும் அவள் ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. அவள் நடந்து நான் இன்னும் பார்த்ததே இல்லை.