பதிலளித்தவர்: பாத்திமா மேரி

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஆராய்ச்சி செய்ய வந்துவிட்டு, பாத்திமா மேரியிடம் கேள்வி கேட்காமல் பட்டம் வாங்கியவர் யாராவது இருந்தால் அவரைத்தான் தேடிப் பிடித்து ஆராய வேண்டும். சுனாமிக்கு அடுத்த வருஷம் ஆரம்பித்த வரத்து இன்னும் நின்றபாடில்லை. சிதம்பரத்திலிருந்து ஒருவர் வந்து, மீன்களுக்கு இந்தத் தெருவில் என்னென்ன பெயர் என்று இரண்டு நாள் எழுதிக்கொண்டு போனார். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரினம் படிக்கிற பெண்கள் வலைக் கண்ணை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். பக்கத்து வீட்டுப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை, ஸ்கூல் புராஜெக்ட் என்று குப்பையில் கிடந்த பிளாஸ்டிக்கை எண்ணியது. டெல்லியிலிருந்து ஒரு அம்மா, பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் வைத்துக்கொண்டு வந்து, "கடல் உங்களுக்கு யார்?" என்று கேட்டாள்.

"கடல் கடல்தாம்மா. அதென்னா நமக்கு நாத்தனாரா?" என்று சொல்லிவிட்டு இவள் ஈயத்தைக் கிளறப் போய்விட்டாள். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டதுதான் வேடிக்கை.

ஈயம்தான் இவள் தொழில். வலையின் அடிக்கயிறு தரையோடு இறங்கி நிற்க வேண்டுமென்றால் அதில் ஈயக்குண்டு கோர்க்க வேண்டும். பழைய பேட்டரி ஈயத்தையும் காயலான் கடை ஈயத்தையும் இரும்புச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவாள். முதுநகரில் பாதி வலை இவள் குண்டில்தான் மூழ்குகிறது. ஐம்பது வயசு தாண்டியும் கை நடுங்காது. வாயும் அப்படித்தான்.

அவளிடம் ஒரு எண்பது பக்க நோட்டு உண்டு. வந்தவர் பெயர், ஊர், போன் நம்பர், என்ன கேட்டார் என்று எழுதி, கடைசியில் ஒரு கட்டம் போட்டிருப்பாள்: திரும்பி வந்து சொன்னாரா? முப்பத்தொரு பேர் எழுதியாகிவிட்டது. கட்டம் அத்தனையும் காலி. "கேக்கத் தெரியுது, கேட்டது என்னா ஆச்சுன்னு வந்து சொல்லத் தெரியல. இதெல்லாம் என்னா படிப்பு?" என்பாள்.

ஆனால் அவள் பக்கமும் ஒரு தப்பு நடந்திருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் சித்தார்த் என்று ஒரு கல்லூரி மாணவன் புராஜெக்டுக்காக வந்தான். ஈயம் உருக்குகிற பெண்களுக்குத் தலைவலி, கை மரத்துப்போவது, வயிற்றுவலி இருக்கிறதா என்று கேட்டான். இல்லாமல் என்ன? ஆனால் பையன் வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தான். அவனிடம் போய் நோயைச் சொல்லி ஏன் கலவரப்படுத்த வேண்டும், நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்னாவது என்று தெருவில் ஈயம் உருக்கிய பதினெட்டுப் பெண்களும் சொல்லி வைத்தமாதிரி, "நல்லாத்தான் இருக்கோம் தம்பி" என்றார்கள். சர்பத்தும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருஷம் இங்கே வர வேண்டிய மருத்துவ முகாம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. ஏன் என்று இவள் போய்ச் சண்டை பிடித்ததற்கு, நர்ஸ் அந்தப் பையனின் புராஜெக்ட் பேப்பரை எடுத்துக் காட்டினாள். இந்தத் தெருவில் யாருக்கும் ஒரு கோளாறும் இல்லை என்று அதில் அச்சடித்திருந்தது. அதன்பிறகு இவளே அலைந்து திரிந்து முகாமையும் வரவழைத்தாள், அடுப்புக்கு மேலே புகைபோக்கியும் வைத்தாள். கேட்கிறவரின் மனசு குளிரப் பதில் சொல்வதை அன்றோடு விட்டாள்.

முப்பத்திரண்டாவது ஆளாகத்தான் சிந்துஜா வந்து சேர்ந்தாள். பெண்ணாடத்துப் பெண், சிதம்பரத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். வந்தவள் வலையையும் கேட்கவில்லை, மீனையும் கேட்கவில்லை.

"அக்கா, எனக்குப் பழைய ஈயம் வேணும். நூறு வருஷம், நூத்தம்பது வருஷம் இருந்தா ரொம்ப நல்லது. மொத்தம் எம்பது கிலோ. அதே எடைக்குப் புது ஈயம் மாத்திக் குடுத்துடறேன்."

"பழசு எதுக்கு? புதுசு பளபளன்னு இருக்குமே."

சிந்துஜா சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்கினாள். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சதா வந்துகொண்டே இருக்கின்றன. நம் உடம்பையும் ஊடுருவி, பூமியையும் ஊடுருவிப் போகின்றன. அதில் ஒன்றிரண்டு பட்டால் கண்டுபிடிக்கிற கருவியின் சின்ன மாதிரி ஒன்றை அவள் கட்டுகிறாள். வெளிக்கதிர் உள்ளே நுழையாமல் அதைச் சுற்றி ஈயச் சுவர் வைக்க வேண்டும். ஆனால் புது ஈயம் தானே லேசாகக் கதிர் விட்டு முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு அடங்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகும்.

"அதுல ஒரு துண்டு புது ஈயம் கலந்துட்டாலும் சேர்த்து உருக்குனா மொத்தமும் போச்சுக்கா. என் ரெண்டு வருஷமும் போச்சு."

பாத்திமா மேரிக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி இவளுக்கு உண்மையிலேயே தெரிந்த ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அந்தக் காலத்து வலைகளில் குண்டு கிடையாது, ஈயத்தைத் தகடாகத் தட்டிக் கயிற்றில் சுருட்டுவார்கள். வலை மக்கிப்போனாலும் தகட்டைப் பிரித்து அடுத்த வலையில் சுருட்டுவார்களே தவிர உருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட தகடு தெருவில் பல வீட்டுப் பரணில் கிடந்தது.

சொல்லி வாய் மூடவில்லை, தெருவே திரண்டு வந்தது. பாவம், படிக்கிற பிள்ளை, பாஸாகட்டும் என்று ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்து, எல்லோரும் எங்கள் தாத்தா காலத்து ஈயம் என்று சத்தியம் பண்ணாத குறை. சித்தார்த்துக்குக் கொடுத்த அதே சர்பத்துதான், இந்தத் தடவை சட்டியில் வந்தது. பாத்திமா மேரி விடவில்லை. ஒவ்வொரு துண்டையும் நகத்தால் கீறினாள். பேட்டரி ஈயம் நகத்துக்கு இளகாது. "ஏன்டி புஷ்பவள்ளி, இது உன் தாத்தா காலமா? உன் தாத்தா கார் பேட்டரி வெச்சிருந்தாரா?" என்று திருப்பி அனுப்பினாள். புஷ்பவள்ளி சிரித்துக்கொண்டே எடுத்துப் போனாள். நாலு நாளில் அறுபத்தெட்டு கிலோ தேறியது.

ஐந்தாம் நாள் காலையில் சிந்துஜா வேன் கொண்டுவந்தாள். தெருவே கூடி நிற்க, யாகப்பன் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பாத்திமா மேரியின் கணவன். அதிகம் பேசாதவன், அன்றைக்குப் பேசினான்.

"எங்க பாட்டனோட பாட்டன் ஈயம்மா. பன்னெண்டு கிலோ. மாத்து ஒன்னும் வேணாம். எடுத்துக்க."

சரியாக எண்பது. சிந்துஜாவின் முகம் மலர்ந்துபோயிற்று. பாத்திமா மேரி மட்டும் அந்த மூட்டையை நகத்தால் கீறிப் பார்க்கப் போகவில்லை.

ஏனென்றால் அந்த மூட்டையின் கதை அவளுக்கு மட்டும்தான் தெரியும். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்புக் காட்டுக்கு நடுவே வளர்ந்தவள், கட்டிக்கொண்டு வந்த வருஷம் ஈயம் ஊற்றத் தெரியாது என்று மாமியாரிடம் பேச்சு வாங்கினாள். மாமியார் வேளாங்கண்ணிக்கு நடந்து போன நாட்களில், யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொண்டு காட்டிவிடலாம் என்று அந்த மூட்டையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தாள். குண்டு சரியாக வரவில்லை. இன்னொன்று எடுத்தாள். இன்னொன்று, இன்னொன்று என்று மூட்டையே காலியாயிற்று. உருக்க உருக்க ஈயம் கசடாகிக் குறைந்தது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பேட்டரி ஈயத்தில் கொஞ்சம் சேர்த்து, கல்லால் தட்டித் தகடாக்கி, பழையபடி மூட்டை கட்டினாள். அப்படியும் ஒன்றரை கிலோ இடித்தது. மாமியாரோ அந்தோணியார் திருநாளுக்கு மூட்டையை அவிழ்த்துத் தராசில் வைத்துப் பார்க்கிற ரகம். பழி யாகப்பனின் தம்பி ஜேக்கப் மேல் விழுந்தது. பத்தொன்பது வயசு, சினிமாப் பைத்தியம். ஈயத்தை எடுத்து விற்றிருப்பான் என்று முடிவு கட்டினார்கள். நான் எடுக்கலண்ணே, நான் எடுக்கலண்ணே என்று அவன் சொல்லச் சொல்ல யாகப்பன் தெருவில் வைத்து அறைந்தான். ஜேக்கப் புதுச்சேரிக்குப் போய்விட்டான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவான், வாசலில் நிற்பான். இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்து இருபத்தெட்டு வருஷம்.

சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மூட்டை வேனில் ஏறினால் இந்தப் பெண்ணின் படிப்பு போயிற்று. மிஷினிடம் போய் நல்லாத்தான் இருக்கோம் தம்பி என்று சொன்னால் அது நம்புமா?

"அது வேணாம் பாப்பா," என்றாள் பாத்திமா மேரி.

"ஏன் வேணாம்?" என்றான் யாகப்பன்.

"அது பழசு இல்ல. பேட்டரி ஈயம் கலந்து நான் உருக்கிட்டேன். நம்ம கல்யாணமான வருஷம், அத்தை வேளாங்கண்ணி போயிருந்தப்போ. குறைஞ்ச ஒன்றரை கிலோவ ஜேக்கப்பு எடுக்கல. அது என் சட்டியில கசடா போச்சு."

யாகப்பன் மூட்டையைக் கீழே வைத்தான். நம்பினால் ஒரு தப்பும் பண்ணாத தம்பியை அடித்தவன் ஆகிவிடுவான். நம்ப அவனால் முடியவில்லை.

"இவ பொய் சொல்றா. எங்கம்மாவ ஏமாத்துற அளவுக்கு இவளுக்கு அன்னைக்கு சாமர்த்தியம் கிடையாது. நீ எடுத்துட்டுப் போயி மிஷின்ல வெச்சுப் பாரும்மா," என்றான்.

சிந்துஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே ஒரு தகட்டை எடுத்துத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அதன்பிறகு ஆறு வாரம் அந்த வீட்டில் பேச்சில்லை. யாகப்பன் சுவரைப் பார்த்து, "சோறு" என்பான். இவள் போடுவாள். மூட்டை கூடத்திலேயே கிடந்தது. பெண்டாட்டி திருட்டுத்தனம் பண்ணியது நிரூபணம் ஆக வேண்டும் என்று பெண்டாட்டியே மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்ட வீடு ஊரில் அது ஒன்றாகத்தான் இருக்கும். இன்னொரு பயமும் அவளை அரித்தது. முப்பத்தொரு பேர் திரும்பி வரவில்லையே, இவள் மட்டும் வருவாளா?

வந்தாள். ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு, வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தாள். பன்னிரண்டு கிலோ குறைந்ததால் சுவரை ஒரு விரற்கடை மெலிதாகக் கட்டிச் சமாளித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே ஒரு தாளை விரித்தாள். அதில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மற்றது நடுவில் எழும்பி நின்றது.

"படுத்திருக்கிறது தெருவுல குடுத்த ஈயம். எழும்பி நிக்கிறது அண்ணன் குடுத்த தகடு. அதுல புது ஈயம் கலந்திருக்கு."

யாகப்பன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் தாளைப் பார்த்தான்.

"இந்த மிஷின் தப்பு பண்ணாதா?"

"பண்ணும்ணே. அதான் மூணு தரம் வெச்சுப் பார்த்தேன்."

"மூணு தரமும்?"

"மூணு தரமும்."

அவன் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். ஆறு வாரம் கழித்து மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"ஏன் மேரி அன்னைக்கே சொல்லல?"

"வந்து எட்டு மாசம். சொன்னா ஊருக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம். அப்புறம் அவன் போயிட்டான். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல." சொல்லிவிட்டு அவளே திருத்தினாள். "அதெல்லாம் சாக்கு. பயம்தான்."

யாகப்பன் போனை எடுத்தான். முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாம் தடவை எடுத்தார்கள்.

"ஜேக்கப்பு, அண்ணன் பேசறேன். அந்த ஈயம்... நீ எடுக்கலடா." மறுபக்கம் ஏதோ சொன்னார்கள். யாகப்பன் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியிடம் நீட்டினான். "உன்னத்தான் கேக்குறான்."

"அண்ணி, இது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன் ஜேக்கப்பு. நான் பண்ண வேலை அது. என்னைய மன்னிச்சுடு. சொன்னேன், அவரு நம்பல. சிதம்பரத்துல மிஷின் வெச்சுப் பார்த்து இன்னைக்குத்தான் வந்து சொன்னாங்க."

பின்னணியில் ஏதோ வண்டி போகிற சத்தத்துக்கு நடுவே ஜேக்கப்பின் குரல் கேட்டது.

"நான் சொன்னப்பவும் அவரு நம்பலையே அண்ணி."

எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன பாத்திமா மேரி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிந்துஜா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். யாகப்பன் போனை வாங்கிக்கொண்டான்.

"தெருவுல வெச்சு அடிச்சேன்டா. நாளைக்குப் பூசை முடிஞ்சு ஜனம் வர்ற நேரத்துக்கு வா. தெருவுல வெச்சே சொல்றேன்."