பச்சை முகமூடிக்காரன்

என் அண்ணனுக்கு அப்போது இருபத்தேழு வயது. திருமங்கலத்தில் ஒரு உரக்கடையில் வேலை. மூட்டை தூக்க ஆள் வராத நாளில் அவனே தூக்குவான். அப்படிப்பட்ட ஆள், மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டுக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து காமிக்ஸ் படிப்பான். “கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மப் புஸ்தகம்” என்று வீட்டில் திட்டாத ஆள் இல்லை. தங்கச்சி நானும் திட்டுவேன், அவன் வாங்கி வந்ததைப் படித்து முடித்துவிட்டு.

எங்களுக்குப் புத்தகம் வந்த வழி வேறு. விற்காத பிரதிகளுக்குப் பணம் திரும்ப வாங்க, அட்டையை மட்டும் கிழித்து ஏஜென்ட் கம்பெனிக்கு அனுப்புவார். மொட்டையாக மிஞ்சியது பழைய பேப்பர் கடைக்கு வரும். அங்கிருந்து அண்ணன் எடுத்து வருவான்.

அப்படி வந்த ஒன்றில்தான் அந்த அறிவிப்பு இருந்தது. மதுரையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் வாசகர்கள் கூடுகிறார்கள், பிடித்த வீரனைப் போல வேஷம் போட்டும் வரலாம். பார்த்தால், பத்தே நாள்தான் மிச்சம். அண்ணனுக்குப் பிடித்த வீரன், காட்டுக்குள் குதிரையில் திரியும் முகமூடிக்காரன்.

“ஏத்தா, முகமூடிக்காரன் டிரெஸ் ஒண்ணு தச்சுத் தாரியா? யார்ட்டயும் சொல்லிறாத.”

“ஒங் கல்யாணத்த வச்சுக்கிட்டு இது தேவையாண்ணே?”

“அதான் சொல்றேன். அங்கயும் சிரிச்சாய்ங்கன்னா, அம்புட்டையும் எடைக்குப் போட்டுட்டு ஒழுங்கா கல்யாணம் பண்ணிக்கிறேன்.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

பழைய ரெக்சின் பையை வெட்டி முகமூடி, சைக்கிள் டியூபில் பெல்ட், பால்பவுடர் டின் மூடியில் பக்கிள். மேலங்கிக்கு என்ன நிறம்? நிறம் இருக்கிற அட்டை எங்களுக்கு வந்ததில்லை, உள்ளே எல்லாப் படமும் கறுப்பு மையில்தான். காட்டுக்குள் ஒளிகிறவன் பச்சைதான் போடுவான் என்று சட்டம் பேசி, என் பச்சை சாட்டின் பாவாடையைப் பிரித்துத் தைத்தேன். நாடா கோத்த இடம் கழுத்துக்குச் சரியாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினோம். பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று மாட்டிக்கொண்டு உள்ளே போனான். ஹாலில் ஏற்கெனவே நாலு முகமூடிக்காரர்கள் இருந்தார்கள். நாலு பேரும் ரத்தச் சிவப்பு.

“அண்ணே, சீட்டெடுக்கிற கிளி எங்க?” என்றான் நாலு பேரில் ஒருவன். ஹாலே சிரித்தது.

அண்ணன் முகமூடியைக் கழற்றினான். காது சிவந்திருந்தது. “வா போவோம்” என்றான். பச்சை என்று அடம் பிடித்தவள் நான். என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

வாசலில் ஒருவர் குறுக்கே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், தாடி நரைத்த பாய். தோளிலிருந்து முழங்கால் வரை மஞ்சள் மேலங்கி.

“தம்பி, நீங்களும் அட்டை இல்லாமப் படிச்சவரா?”

அண்ணன் தலையாட்டினான்.

“வாங்க, உக்காருங்க. என்னயப் பாத்தும் சிரிச்சாங்க. எனக்கு விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை. செகப்புல மட்டும் நாலு தினுசு வச்சிருக்கேன். ஆனாலும் முகமூடிக்காரரு எனக்கு மஞ்சளாத்தான் தெரிஞ்சாரு. என்ன செய்ய?”

“காட்டுக்குள்ள மஞ்சளப் போட்டுக்கிட்டு எப்படி பாய் ஒளிய முடியும்?”

“அவரு எதுக்குத் தம்பி ஒளியணும்?”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் கைக்கு வந்த பிறகும் வாய் ஓயவில்லை. என் அண்ணன் ஒரே நாளில் அத்தனை வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கிளி கேட்டவன்கூட வந்து நின்று கேட்டான். கிளம்பும்போது, “தப்பா நெனைக்காதீங்கண்ணே” என்று, அட்டையோடு இருந்த ஒரு புத்தகத்தை அண்ணன் கையில் வைத்தான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அண்ணன் மேலங்கியைக் கழற்றவில்லை. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். “திருமங்கலம் ரெண்டு” என்றான், உரக்கடை ஆள் மாதிரியே.

பிறகு மடியிலிருந்த அட்டையை வெகுநேரம் பார்த்தான். சிவப்பு மேலங்கி, வெள்ளைக் குதிரை, நல்ல வழவழப்பான தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றான். “ஆனா இது வேற ஆளுத்தா.”