வெளியேறிய நேரம் ஏழு ஐம்பது

காலை பதினொன்று இருபதுக்கு என் மகளின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை. காரைக்காலில் ஒரு மாடியின் மேல் இருந்தது எங்கள் பயிற்சி நிலையம். ஜன்னல் கதவு காற்றில் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. கீழே திருநள்ளாறு போகும் பஸ்களின் ஹாரன். சென்னையில் இருந்து ஆசிரியர் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் என் மேஜையில் இருந்த சின்ன ஒலிபெருக்கியில், தண்ணீருக்கு அடியில் இருந்து வருவதுபோல் வந்தது. கணினித் திரையின் வலது ஓரத்தில் மாணவர்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. கரையில் நின்று பார்த்தால் தூரத்துப் படகுகளின் விளக்குகள் தெரியுமே, அப்படி. அதில் ஒன்று இல்லாமல் போனது.

கடல் ஊருக்குள் வந்துபோய் அப்போது நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. வெபினார் என்ற சொல் எங்கள் பக்கத்துக்குப் புதிது. சனிக்கிழமைதோறும் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் அவரவர் ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வகுப்பில் சேர்வார்கள். வகுப்பு முடிந்ததும் அறிக்கையை இறக்கிச் சரிபார்த்து, குறிப்பு எழுதி, ஒரு மணிக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதுதான் என் வேலை.

அறிக்கை என்பது ஒரு நீள அட்டவணை. பெயர், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், இருந்த நிமிடங்கள், கை உயர்த்தியது எத்தனை முறை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரா. கடைசியில் கவனம் என்று ஒரு பத்தி. கணினியில் வகுப்பு ஓடும் ஜன்னல் மற்றவற்றுக்கு முன்னால் இருந்தால் கவனம் உண்டு. வேறு எதையாவது திறந்து அதை மறைத்தால் கவனம் இல்லை. அந்த ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு மேஜையில் தலைசாய்த்துத் தூங்குகிறவனுக்கு முழுக் கவனம் கிடைக்கும். பட்டினச்சேரியிலிருந்து மூன்று பெண்கள் ஒரே கணினி முன்னால் நெருக்கி உட்கார்ந்து ஒரே பெயரில் நுழைவார்கள். அறிக்கைக்கு அது ஓர் ஆள். ஓயாமல் கை உயர்த்தும் ஓர் ஆள். நான்தான் குறிப்புப் பத்தியில் ‘மூவர்’ என்று சேர்ப்பேன்.

இதெல்லாம் தெரிந்தும் அறிக்கையை நம்பினேன். திங்கட்கிழமைகளில் மாணவர்களைக் கூப்பிட்டு, “பத்து நாப்பதுக்கு எங்க போனீங்க?” என்று கேட்பேன்.

“அங்கதான் சார் இருந்தேன். சத்தியமா.”

“ரிப்போர்ட்ல இல்லையே.”

அதோடு போனை வைத்துவிடுவார்கள்.

அறிக்கை இறங்கியதும் நான் முதலில் தேடுவது என் மகளின் வரியை. இருபது வயது. அவளும் அதே வகுப்பில் சேர்ந்திருந்தாள். எங்கள் வீடு திருமலைராயன்பட்டினத்தில். என்னோடு பஸ்ஸில் வந்து அலுவலகத்தின் இன்னொரு கணினியில் உட்காரலாமே என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: “உங்க ஆபீஸ்ல உக்காந்தா நீங்க என்னயத்தான் பாப்பீங்க. நான் உங்களத்தான் பாப்பேன். அப்பறம் பாடத்த யாருப்பா பாக்குறது?” ஊரிலேயே கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போகத் தொடங்கினாள். என் மனைவி சிரித்தாள். “அவ உங்க மடியிலயே உக்காந்திருந்தாலும் நீங்க அந்தக் காயிதத்துல தேடித்தான் பாப்பீங்க” என்றாள்.

உண்மைதான். சனிக்கிழமைகளில் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஆறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு குறிப்பிட்ட நாற்காலியில், ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் அவள் இருக்கிறாள் என்பதை ஒரு பச்சைப் புள்ளி எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. மற்ற நாட்களில் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை.

புள்ளி அணைந்ததும் இரண்டு நிமிடம் காத்திருந்தேன். லைன் போய்விட்டுத் திரும்ப வருவது வழக்கம். வரவில்லை. விட்டுப்போனவர்களுக்குப் பத்து நிமிடத்துக்குள் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்து அலுவலக போனில் சுழற்றினேன். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

வீட்டுக்கு மொத்தம் ஒரே செல்போன். அது என்னிடம் இருந்தது. சேர்க்கைப் படிவத்தில் அவள் அந்த எண்ணைத்தான் எழுதியிருந்தாள். ஒரு காதில் அலுவலக ரிசீவரும், நெஞ்சின் மேல் அதிர்கிற செல்போனுமாக நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மேலாளர், என்னைவிடப் பத்து வயது இளையவர், எதிர் மேஜையில் இருந்து எட்டிப் பார்த்தார். “என்ன சார், உங்களுக்கு நீங்களே போன் போட்டுக்கிறீங்களா? எடுத்துப் பேசுங்க. நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க.”

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பன்னிரண்டுக்கு வகுப்பு முடிந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்து, வெறும் பெயர்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. அறிக்கையை இறக்கினேன். என் மகளின் வரி இப்படி இருந்தது: நுழைந்த நேரம் காலை 6.32. வெளியேறிய நேரம் காலை 7.50.

திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறு முப்பத்திரண்டுக்கு அவள் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஈரத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். ஏழு ஐம்பதுக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தை என் பையில் வைத்து, “ரசம் கொட்டிடாம எடுத்துட்டுப் போங்க” என்றாள். அந்த நேரமெல்லாம் அவள் வகுப்பில் இருந்தாள் என்கிறது அறிக்கை. வகுப்பையே நான் பத்து மணிக்குச் சற்று முன்புதான் திறந்தேன். பத்து மணிக்குப் பிறகு அவளுடைய புள்ளி பச்சையாவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ‘அங்கதான் சார் இருந்தேன்’ என்ற எத்தனை பேரை இந்த அட்டவணையை வைத்து வாயடைத்திருக்கிறேன். இப்போது என் கண்ணை மட்டும் எப்படி நம்புவது?

மேலாளர் வந்து தோளுக்கு மேல் பார்த்தார். “ஏதோ தில்லுமுல்லு சார். அவங்க பேர்ல வேற யாரோ நுழைஞ்சு பாத்திருக்காங்க. பாப்பா வேற எங்கயாவது போயிருக்கும், பிரண்டு வீட்டுக்கு அது இதுன்னு” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனார்.

வேற எங்கயாவது. அந்த இரண்டு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியாது.

கடல் உள்ளே வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பதினைந்து வயது. காலையில் கடற்கரைப் பக்கம் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அவளைத் தேடிக் கிழக்கே ஓடினேன். அவள் தப்பித்து, என்னைத் தேடி வேறொரு தெரு வழியாக மேற்கே ஓடியிருக்கிறாள். நாள் முழுக்க ஒருவரையொருவர் தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறோம். மதியத்துக்கு மேல் யாரோ என்னை ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்காரவைத்தார்கள். எழுதத் தெரிந்தவர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். பெயர், ஊர், வந்தவர், வராதவர். நான் தயாரித்த முதல் வருகைப் பட்டியல் அதுதான். வரிசையில் வந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. குனிந்தபடியே கேட்டு எழுதினேன். வெயில் சாய்ந்த நேரத்தில் மேஜை முன்னால் இரண்டு சேற்றுக் கால்கள் வந்து நின்றன. “பேரு சொல்லும்மா” என்றேன். பதில் வரவில்லை. “பேரும்மா, பேரு” என்றேன். என் மகள் தன் பெயரைச் சொன்னாள். நான் பாதி எழுதிய பிறகுதான் நிமிர்ந்தேன்.

அவளும் என் மனைவியும் அதைப் பின்னாளில் கேலியாக மாற்றிக்கொண்டார்கள். பரீட்சை மார்க்கோடு வந்து நின்றால், “பேரு சொல்லவாப்பா?” என்பாள். எனக்கு மட்டும் அது கேலியாக மாறவில்லை. எந்தப் பட்டியலைத் திறந்தாலும் அந்தக் கால்கள் தெரியும்.

அலுவலகத்தைப் பூட்டாமல்கூடப் படியிறங்கி பஸ் நிலையம் வரை போனேன். திருநள்ளாறு போகிறவர்களும் வருகிறவர்களும் நிறைந்து, தலை நனைந்த மனிதர்கள் எள்ளும் எண்ணெயும் மணக்க நடந்துகொண்டிருந்தார்கள். தெற்கே போகும் பஸ் நின்றிருந்தது. படியில் கால் வைத்துவிட்டேன். நான் தெற்கே போகும்போது அவள் வடக்கே வந்துகொண்டிருந்தால்? இறங்கினேன். தேடப் போகிறவன் தவறவிடுகிறான். மேஜை முன்னால் இருக்கிறவனிடம்தான் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கற்றுத்தந்தது அது ஒன்றுதான். திரும்பி நடந்தேன். வெயிலில் தெரு நீளமாக இருந்தது. காற்றில் ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் மல்லிகை. நான் நடக்கிறேனா நின்ற இடத்திலேயே தெரு பின்னால் போகிறதா என்று தெரியவில்லை.

ஒரு மணிக்கு அறிக்கையை அனுப்ப வேண்டும். எல்லா வரிக்கும் குறிப்பு எழுதினேன். மூவர். மின்தடை. ஒலி கேட்கவில்லை. என் மகளின் வரியில் சுட்டி துடித்துக்கொண்டே நின்றது. வேறு ஆள் என்று எழுதினால் அவள் பெயர் வகுப்பிலிருந்து நீங்கிவிடும். அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. அங்கே எதை எழுதினாலும் அது நிஜமாகிவிடும் என்றுதான் பயந்தேன். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. மேலாளர் நேரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், என் பாத்திரத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார். ரசம் கொட்டியிருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பத்தைந்து. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவான, ஒவ்வொரு படியிலும் நின்று வருகிற சத்தம். உள்ளே வந்தவர் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டர் இந்தச் சொல்தாவுடையது.

“தம்பிதான் ரிப்போர்ட்டு எடுக்குறவுகளா?” என்றார். மூச்சு வாங்கியது. “போன் போட்டுப் பாத்தோம், கெடைக்கல. மொபெட்டுல வந்தேன். வழியெல்லாம் கூட்டம். இந்தப் புள்ள என்னய உசுரோட விடல. எங்கப்பா பயந்துருவாரு, எங்கப்பா பயந்துருவாருன்னு.”

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இந்தப் புள்ள எப்பவும் உக்காருற ரெண்டாவது மெசின் காலைல படுத்துருச்சு. அதான் ஓரத்து மெசின்ல உக்காரச் சொன்னேன். அதுலதான் கேமரா இருக்கு. பிரான்ஸுல பிள்ளைங்க இருக்குறவுக சனிக்கிழமை அதுலதான் வந்து பேசுவாக. எட்டு மணிக்கு ஒரு அம்மாவுக்கு மவன் வருவான், பேரப்புள்ளய இன்னிக்குத்தான் மொதமொதலா காட்டுறான். அந்தம்மா வந்து நின்னுச்சு. நாங்கூட ஒண்ணும் சொல்லல தம்பி, இந்தப் புள்ளதான் எந்திரிச்சு எடம் குடுத்துச்சு. ஹெட்போன மாட்டிவுட்டு, கேமராவத் திருப்பிவுட்டு, அந்தம்மா அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னுச்சு.”

“எட்டு மணியா?” என்றேன். “பதினொண்ணு இருபதுக்குல்ல போனா?”

அவர் தன் இடது மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். கைக்கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து.

“அந்த மெசின்லயும் இதே மணிதான். பிரான்ஸ் மணி. அங்க எம் புள்ளைங்க எந்திரிச்சாகளா, வேலைக்குப் போனாகளான்னு பாத்துப் பாத்து அப்படியே வெச்சாச்சு. சாப்புடுறதுகூட எனக்கு இந்த மணிலதான். வூட்டுல திட்டுவாக.”

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். மூன்றரை மணி நேரம். ஒவ்வொருவரும் உட்கார்ந்திருக்கும் கணினி காட்டும் நேரத்தையே எங்கள் அறிக்கை அப்படியே எழுதிக்கொள்கிறது. அத்தனை நாள் அதைக் கையாண்டும் எனக்கு அது தெரியாது. வேறெங்கும் போகவில்லை அவள். எங்கள் கடைத்தெருவிலேயே, இன்னும் விடிந்து முடியாத ஓர் ஊரின் காலையில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறாள்.

சுட்டி இன்னும் அவள் வரியில் துடித்துக்கொண்டிருந்தது. குனிந்து குறிப்பை அடிக்கத் தொடங்கினேன். ‘நேரம்: பிரான்ஸ்.’ எழுத்துகள் கலங்கித் தெரிந்ததால் நிமிரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம், கீழே மொபெட்டை நிறுத்திவிட்டு ஏறி வந்த புழுதியோடு இரண்டு கால்கள் வந்து நின்றன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா,” என்றாள் என் மகள், “பேரு கேக்கலையா?”