ஸ்டெல்லாவின் ஏழாவது கொண்டை ஊசி

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் தண்ணீர் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பும்வரை நின்று பார்த்து நிறுத்தினேன். வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரையும் சூடை மீனும் வாங்கினேன். திரும்பி வந்தபோது கீழ்வீட்டு ஃபாரூக் நானா படிக்கட்டடியில் சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார்.

"மணக்குதா மிஸ்? இப்ப முடிஞ்சிரும்."

மணக்கட்டும் என்றேன். மீன் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

மண்ணெண்ணெய் என்றால் உங்களுக்கு அதை வாங்க நின்ற வரிசைகள் நினைவுக்கு வரலாம். எனக்கு இரத்மலானையில் விமான என்ஜின் பழகிய தகரக் கொட்டகைதான். பறக்கும் வயது தாண்டிய ஒரு என்ஜினை இரும்புத் தாங்கியில் ஏற்றி வைத்திருந்தார்கள். அதைக் கழற்றுவோம், பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவோம், பூட்டுவோம், மறுபடி கழற்றுவோம். மெக்கானிக் சான்றிதழுக்கான படிப்பில் பாதி இதுதான். மீதிப் பாதி, ஒன்றையும் உள்ளே விட்டுவிடாமல் இருக்கப் பழகுவது.

சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் கறுப்பு மையால் வரையப்பட்டிருக்கும். ஒன்றை எடுத்தால் அந்த இடத்தில் நமது பெயருள்ள பித்தளை வில்லையைக் கொழுவ வேண்டும். அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் சமையலறைச் சுவரில் கரண்டிகளின் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறேன். அகப்பையை இடம் மாற்றிக் கொழுவுவது என் கணவருக்கு வாய்த்த சிறு சந்தோஷம்.

கொட்டகை வாசலில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும். மணிக்கூடு, மோதிரம், சில்லறை எல்லாம் அதற்குள் போய்விடும். வகுப்பில் பெண்கள் இருவர்தான்: நானும், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஸ்டெல்லாவும். அவளுக்கு அடர்ந்த சுருட்டை முடி. ஊசி குத்தாமல் அடங்காது. ஆகவே எங்களுக்கென்று ஒரு தனி விதி. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒருத்தியின் தலையிலுள்ள கொண்டை ஊசிகளை மற்றவள் எண்ண வேண்டும். பேன் பார்ப்பவர்களைப் போல நிற்போம். "ஏதும் ஊருதோ?" என்று வகுப்புத் தோழன் ரவி ஒவ்வொரு நாளும் கேட்பான். ஒவ்வொரு நாளும் தானே சிரிப்பான்.

செய்முறைச் சோதனை ஸ்டெல்லாவுக்கு எங்களைவிட முக்கியமாக இருந்தது. அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இந்த முறை சித்தியடையாவிட்டால் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க் வேலைதான் என்று முடிவாகச் சொல்லியிருந்தார். அதற்கான நேர்முகத்துக்குச் சோதனைக்கு மறுநாள் காலை நேரமும் வாங்கி வைத்திருந்தார்.

சோதனையில் அவள் பூட்டிய என்ஜினில், எங்களுக்குப் படிப்பித்த சேர் ஒரு பிழையும் பிடிக்கவில்லை. வாசலில் அவளுடைய தலையை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

"எத்தினை?" என்றாள்.

"ஆறு. காலமை ஏழு."

பலகையில் எல்லா ஸ்பேனரும் இருந்தன. ஊசி குறைந்தது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். நான் வாய் திறக்குமுன் அவள் திரும்பிப் போய்ச் சேரிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டாள்.

நிலத்தைக் கூட்டினோம். ஓவரோலை உதறினாள். டோர்ச் அடித்தும் பார்த்தோம். இல்லை. சேர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சோதனை செல்லாது என்றார். காலையில் என்ஜினைத் திறக்க வேண்டும். தொலைத்தவரே முதல் நட்டைக் கழற்றுவது கொட்டகை வழக்கம். அவள் வந்தால் அடுத்த தொகுதியோடு மறுபடி சோதனைக்குத் தோற்றலாம். வராவிட்டால் பெயர் வெட்டப்படும்.

"தலையில ஒரு ஹாட்வெயார் கடையை வச்சுக்கொண்டு ஏனடி என்ஜினுக்க குனியிறாய்?" என்றான் ரவி.

"உனக்கென்ன, உன்ர மண்டையில இருந்து விழ ஒண்டுமில்லை."

ரயில் தெஹிவளையைத் தாண்டியது. ஸ்டெல்லா கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் சொல்லாட்டி நீ சொல்லியிருப்பியோ?"

"தெரியேல்ல."

"பொய் சொல்லாமல் விட்டியே, அது காணும்."

"நாளைக்கு வருவியோ?"

"அப்பாவோட கதைக்கவேணும். அவர் ஏற்கெனவே என்ர சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டு வச்சிருப்பார்."

வெள்ளவத்தையில் நான் இறங்கினேன். அவள் கோட்டைக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. அங்கே டயர் களஞ்சியம் நிற்கிறது. என்ஜின் பழைய இரும்புக்குப் போனதாகக் கேள்வி. நான் இன்று வேலை செய்யும் இடத்தில் கருவிப் பெட்டியே கணக்கு வைத்து, ஒரு ஸ்பேனர் குறைந்தால் கத்துகிறது. பெண் பிள்ளைகளுக்கு வலைத் தொப்பி கொடுக்கிறார்கள். ஒருவர் தலையை ஒருவர் எண்ணுவதில்லை. வேலைக்கு அதுதான் நல்லது, மறுக்கமாட்டேன். ஆனால் பக்கத்தில் நிற்பவளின் தலையில் எத்தனை ஊசி என்று தெரிந்திருந்த அந்த நெருக்கமும் அதோடு போய்விட்டது.

ஊசி கிடைத்தது. காற்று உள்ளே போகும் குழாயின் வளைவில் கிடந்தது. பறக்கும் என்ஜினாக இருந்திருந்தால் அதை உள்ளே இழுத்திருக்கும். ஆனால் அது மறுநாள் பின்னேரம் நடந்தது.

அன்று காலையில் நான் போனபோது ஸ்டெல்லா கொட்டகை வாசலில் நின்றாள். முடி முழுவதையும் ஒரு துணித் தொப்பிக்குள் திணித்திருந்தாள். ஒரு ஊசிகூட இல்லை. தொப்பி அவளுக்குப் பெரிது, காதை மூடியது. முன்பக்கத்தில் கிரீஸ் கறை.

"ஆற்ற தொப்பி?"

"அப்பான்ர. 'கிரேனில மேல ஏறேக்க இதைத்தான் போடுறனான், ஒண்டும் விழாது' எண்டவர்."

"நேர்முகம்?"

"அவரே போய்ச் சொல்லுறாராம், மகள் வரமாட்டாள் எண்டு."

உள்ளே போனோம். எல்லோரும் விலகி வழிவிட்டோம், ரவி உட்பட. ஸ்டெல்லா தொப்பியைக் கீழே இழுத்துவிட்டு, முதல் நட்டைக் கழற்றினாள்.