பெயர் கேட்காத மாடி

வேதசிரோமணியை அலுவலகத்தில் வேதா என்பார்கள். குரோம்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இணையப் பக்கங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் வேலை. 2006இன் மழைக்காலம். பீர்க்கன்கரணையில் அவள் தனியாகக் குடியிருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் வேறு இடம் பார்த்தாக வேண்டும்.

மாடம்பாக்கத்தில் வீடு பார்க்கப் போனபோதும் வேதா என்றுதான் சொன்னாள். வீட்டுக்காரர் சம்பத் முகம் மலர்ந்து, அறை அறையாகச் சுற்றிக் காட்டினார். படி இறங்கும்போதுதான், "அப்பா பேரு என்னம்மா?" என்றார்.

"லாசரஸ், சார்."

"அப்படியா. வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேம்மா."

சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இது முதல் வீடு இல்லை.

மறுநாள், அவள் எழுதிய மெனு ஓப்பரா பிரவுசரில் திறக்கவில்லை என்று உடன் வேலை பார்க்கும் கோபு கூப்பிட்டான். ஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்த்தாள். மவுஸ் நகரும்போதெல்லாம் அது பிரவுசரிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது. ஓப்பராவோ இன்னொரு பிரவுசரான எக்ஸ்ப்ளோரர் என்று பெயர் சொல்லி உள்ளே நுழைந்து, எக்ஸ்ப்ளோரருக்குப் போட்ட வழியில் முட்டிக்கொண்டு நின்றது.

"அதுக்குன்னு தனியா ஒரு இஃப் கண்டிஷன் போட்டுடு வேதா."

"நாளைக்கு இன்னொண்ணு வேற பேர் சொல்லிக்கிட்டு வரும். பேரே கேக்க வேணாம் கோபு. இந்த வேலை உனக்கு வருமான்னு கேப்போம். அதையும் பக்கம் திறக்கும்போது ஒரே தடவை."

"வீடு பாக்கப் போனதுலேர்ந்து நீ ஒரு மாதிரியாதான் பேசற."

பெயர் கேட்கும் வரிகளை அழித்து, வேலை வருமா என்று ஒரே தடவை கேட்கும் வரியைப் போட்டாள். மெனு எல்லா பிரவுசரிலும் சட்டென்று திறந்தது. காட்டலாம் என்று திரும்பினால், கோபு டீக்குப் போயிருந்தான்.

கடைசியில் இரும்புலியூரில் ஒரு மாடி அறை. முழுப் பெயரையும் அப்பா பெயரையும் வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்டைத் திறந்தாள். வீட்டுக்காரி சரசு அவள் குடையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"மோட்டாரு கீது, ஓடாது. தண்ணி லாரி வந்தா கொடத்த மாடிக்குத் தூக்கினு போவியா?"

"தூக்குவேங்க்கா."

"அப்போ வந்துடு."

அன்றிரவே சாமான்களை ஏற்றினாள். நிம்மதியாகத்தான் இருந்தது. மார்கழி பிறந்தது. "மாடி, லாரி வந்துச்சு" என்ற குரலைத் தவிர அந்த வீட்டில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு காலை, லாரி ஓரமாய்க் குடம் நிரம்பிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "அக்கா, என் பேரு வேதசிரோமணி."

சரசு ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும். இன்னொரு கொடம் எங்க? லாரி கெளம்பப் போவுது."

வேதசிரோமணி அதை எடுத்துவர மாடி ஏறினாள்.